வடம் உங்களுக்கு, பிரேக் எங்களுக்கு

('தேர் நகரத் துணை நிற்பது ஆள் பலமா? மோட்டார் பலமா?' என்ற தலைப்பில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'மோட்டார் பலமே' என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எதிரணியிலே பேனாவும் கையுமாக, நான் எங்கே வழுக்குவேன் என்று பார்த்துக் கொண்டிருக்கிற பெரியவர்களே! என் அணித் தோழர்களே! ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலே இருந்து இறங்கி, வீட்டுக்குக் கூடப் போகாமல் யூனிபாரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளே! அடுப்பைச் சின்னதாக வைத்து விட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய தமிழாசிரியர் ஐயா ஒரே கேள்வியிலே எங்கள் அணியை மூட்டை கட்டிவிட்டார். "ஊர் கூடித் தேர் இழுக்கணும்னுதான் பழமொழி இருக்கு. மோட்டார் மாட்டித் தேர் இழுக்கணும்னு எந்தத் தாத்தா சொன்னார்?" என்று கேட்டார். கைதட்டல் பந்தலைப் பிய்த்துக் கொண்டு போனது. நானும் தட்டினேன். (சிரிப்பு) நல்ல கேள்விக்குக் கை தட்டணும் இல்லீங்களா? ஆனால் ஐயா, எந்தத் தாத்தா சொன்னார்னு கேட்டீங்களே, என் தாத்தா சொன்னார். அதைப் பிறகு சொல்றேன்.

முதலிலே நான் யாருன்னு சொல்லிடறேன். நான் பேராசிரியை இல்லை, புலவர் இல்லை. ஒரகடத்திலே கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், ஸ்டோர்ஸிலே வேலை பார்க்கிறேன். கம்பெனி பேரைக் கேட்காதீங்க, நாளைக்கும் நான் வேலைக்குப் போகணும். (சிரிப்பு)

இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் ஒரு காலத்திலே ஏரி, வயல், பனைமரம். 1996ல் இருங்காட்டுக்கோட்டையிலே ஹூண்டாய் அஸ்திவாரம் போட்டான். 2010ல் ஒரகடத்திலே ரெனோ நிசான் கார், 2012ல் டெய்ம்லர் லாரி. இன்றைக்கு வாலாஜாபாத் ரோட்டிலே நின்று பார்த்தால் கண்டெய்னர் லாரி, கண்டெய்னர் லாரி, இன்னொரு கண்டெய்னர் லாரி. வெளியே இருந்து பார்க்கிறவங்க, உள்ளே எல்லாம் ரோபோ செய்யுதுன்னு நினைக்கிறாங்க. செய்யுது, இல்லேன்னு சொல்லலை. ஆனால் லாரியிலே இருந்து இறங்கின இரும்புப் பெட்டி ரோபோ பக்கத்திலே எப்படிப் போகுது? யாரோ தள்ளிக்கிட்டுப் போகணும். அந்த 'யாரோ'தாங்க நாங்க! (கைதட்டல்)

எங்க ஸ்டோர்ஸிலே கையாலே தள்ளுகிற பேலட் டிரக் உண்டு. இரண்டு கொம்பு மாதிரி முன்னாலே நீட்டிக்கிட்டு இருக்கும், பின்னாலே ஒரு கைப்பிடி. கொம்பைப் பலகைக்கு அடியிலே விட்டு, கைப்பிடியை நாலு தடவை ஆட்டினால் சரக்கு தரையை விட்டு எழும்பும். 2 டன், இரண்டரை டன் வரைக்கும் தூக்கும். எழுப்பிட்டோம். இனிமேல் தள்ளணுமே? வழவழன்னு இருக்கிற தரையிலே ஒரு டன்னை ஒரே ஆள் தள்ளிடலாம். உருள ஆரம்பிச்சுட்டா சுகமாத்தான் இருக்கும். கஷ்டம் இரண்டே இடத்திலே. கிளப்பும்போது ஒண்ணு, நிறுத்தும்போது ஒண்ணு.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. தரையிலே இருபது அடிக்கு ஓர் அடி சரிவு இருக்குன்னு வையுங்க. கண்ணாலே பார்த்தால் சரிவுன்னே தெரியாது. அதிலே ஒரு டன் சரக்கு நின்றால், 50 கிலோ பலத்தோடு அது கீழே இழுத்துக்கிட்டே இருக்கும். கை வண்டிக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. யார் பிரேக்? நம்ம இடுப்புதான் பிரேக்! திருவண்ணாமலைப் பக்கத்திலே இருந்து வந்த ஒரு தம்பி, லாரி நிற்கிற இடத்துச் சரிவிலே இப்படித்தான் ஓடின வண்டிக்குக் குறுக்கே போய் நின்னான். 'அக்கா, சரக்கு கீழே விழுந்தா சம்பளத்திலே பிடிப்பாங்கன்னு நெனச்சேன்'னு ஆஸ்பத்திரியிலே சொன்னான். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்திலே உடைஞ்சிருந்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பேட்டரியிலே ஓடுகிற பேலட் டிரக் வந்தது. கைப்பிடியை விட்டால் தானாகவே பிரேக் பிடிச்சு நிற்கும்.

எதிரணித் தங்கை இப்பவே எழுந்திரிக்கப் பார்க்கிறாங்க. என்ன கேட்கப் போறாங்கன்னு தெரியும். 'பேட்டரி வண்டி வந்ததும் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க?' அதானே? உட்காருங்கம்மா, நானே சொல்றேன். நாலு பேர் தள்ளின இடத்திலே இப்போ ஒருத்தர். மூணு பேரும் காண்ட்ராக்ட் ஆளுங்க. இரண்டு பேருக்கு வேறே லைனிலே வேலை கிடைச்சுது, ஒருத்தருக்குக் கிடைக்கலை. இதை மறைச்சுட்டு மோட்டாருக்கு வக்காலத்து வாங்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அந்த மூணு பேரைக் காப்பாத்தறதுக்காக, ஒரு பையன் கணுக்காலைப் பிரேக்காக வெச்சுக்கிட்டே இருக்கலாம்னு நீங்க சொல்ல மாட்டீங்க. வேலைக்கு உத்தரவாதம் கேளுங்க, நானும் கூட வந்து கோஷம் போடறேன். இடுப்பெலும்பைப் பணயம் வைக்கச் சொல்லாதீங்க. (பலத்த கைதட்டல்)

சரி, தேருக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சீமைக்குப் போயிட்டு வந்திடலாம், டிக்கெட் செலவில்லாமல்!

நமக்குக் கேரவன்னா சினிமா நட்சத்திரம் உட்கார்ந்து மேக்கப் போடுகிற வண்டி. இங்கிலாந்து, ஜெர்மனி பக்கம் கேரவன்னா வேறே. படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வெச்ச ஒரு குட்டி வீடு. அதுக்குச் சக்கரம் உண்டு, எஞ்சின் கிடையாது. லீவு விட்டால் காருக்குப் பின்னாலே மாட்டி இழுத்துக்கிட்டுப் போவாங்க. ஊர் சுற்றிட்டு வந்ததும் காரைக் கழட்டிடறாங்க. இப்போ அந்த வீடு வாசல்லே நிக்குது. ஒரு டன், ஒன்றரை டன் எடை. அதை உள்ளே தள்ளி ஓரமா நிறுத்தணும். வயசான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேராலே ஆகிற காரியமா?

அதுக்காகவே ஒரு மோட்டார் கண்டுபிடிச்சிருக்கான். கேரவன் சக்கரத்துக்குப் பக்கத்திலே ஓர் உருளை. அது டயரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுச் சுற்றும். 12 வோல்ட் பேட்டரி போதும். கையிலே டி.வி. ரிமோட் மாதிரி ஒண்ணு. பாட்டியம்மா தோட்டத்திலே நின்னு பட்டனை அழுத்தினா, வீடு ஆமை மாதிரி நகர்ந்து தன் இடத்துக்குப் போகுது! நம்ம வீட்டிலே ரிமோட்டை அழுத்தினா சேனல் மாறுது, அவங்களுக்கு வீடே மாறுது! (சிரிப்பு)

அங்கேயும் நம்ம மாதிரிப் பட்டிமன்றம் உண்டுங்க, மேடை போடாத பட்டிமன்றம். 'முப்பது கிலோவை வண்டி அடியிலே தூக்கிக் கட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுமக்கணுமா? வண்டிக்குன்னு அனுமதிச்ச எடையிலே அந்த முப்பது கிலோ போயிடுச்சே, துணிமணியை எங்கே வைக்கிறது? பேட்டரி இறங்கிப் போனா அது வெறும் இரும்புதானே? விலை வேறே! வருஷத்திலே இரண்டு தடவை வெளியே போறவனுக்கு இது எதுக்கு? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டா ஆளுக்கொரு கை கொடுக்க மாட்டானா?' இது ஒரு கட்சி. 'கூப்பிட்ட நேரத்துக்கு அக்கம்பக்கம் வரணுமே! முதுகு பிடிச்சுக்கிட்டா வைத்தியச் செலவு மோட்டார் விலையை விட ஜாஸ்தி' என்று இன்னொரு கட்சி. சமதளமான வாசல் இருக்கிறவனுக்கு முதல் கட்சி சொல்றது சரி. மேடு பள்ளம் உள்ளவனுக்கு, ஒத்தையா இருக்கிறவனுக்கு இரண்டாவது கட்சி சரி. இதிலே நமக்கு வேண்டிய சங்கதி ஒண்ணுதான். அந்த மோட்டார் கேரவனை ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போறதில்லை. ஊருக்கு இழுத்துப் போறது காரு. கடைசி இருபது அடியிலே, திருப்புகிற இடத்திலே, சரிவிலே, ஆள் நசுங்கக் கூடிய இடத்திலே மட்டும்தான் மோட்டாருக்கு வேலை. இதை மனசிலே வெச்சுக்கிட்டு தேரைப் பாருங்க.

தேரும் சக்கரம் வெச்ச வீடுதானே? வருஷத்துக்கு ஒரு தடவை சாமி ஊர் சுற்றப் போகிற வீடு. நம்ம ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலே சித்திரை மாசம் பார்க்கிறோம். வடம் பிடிக்கிறவங்களை எல்லாரும் பார்க்கிறோம், போட்டோ எடுக்கிறோம். சக்கரத்துக்குப் பக்கத்திலே குனிஞ்சுக்கிட்டே போகிறவனை யாராவது பார்த்திருக்கீங்களா?

அவன் கையிலே ஆப்பு மாதிரி செதுக்கின ஒரு கட்டை. அதுதான் முட்டுக்கட்டை. 'ஏன்டா எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடறே'ன்னு பிள்ளைகளைத் திட்டறோமே, அந்த முட்டுக்கட்டை! திட்டறதுக்கு வெச்சிருக்கிற வார்த்தை, தேரடியிலே உயிரைக் காப்பாத்துகிற பொருள். தேரை நிறுத்தணும்னா ஓடுகிற சக்கரத்துக்கு முன்னாலே கட்டையைச் சொருகணும். திருப்பணும்னா ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுக்கணும். சொருகின கையை எடுக்க ஒரு நொடி பிந்தினால் கை போச்சு. தேர் அசையாமல் நின்னுட்டா, பின் சக்கரத்துக்கு அடியிலே நீளமான சன்னை மரத்தை விட்டு நெம்பணும். அதுக்கும் ஆள் சக்கரத்தை ஒட்டித்தான் நிற்கணும்.

எங்க ஊர்த் தேருக்கு என் தாத்தா இருபது வருஷம் முட்டுக்கட்டை போட்டவர். இடது காலிலே அவருக்கு இரண்டு விரல்தான் இருந்தது. சின்ன வயசிலே நான், 'தாத்தா, மிச்ச மூணு விரல் எங்கே?'ன்னு கேட்பேன். 'சாமி வாங்கிக்கிச்சு'ன்னு சிரிப்பார். ஒரு தடவை சிரிக்காமல் சொன்னார்: 'சாமி கேக்கலை பாப்பா. தேருக்கு நிக்கத் தெரியலை. அதுக்கு நிக்கிறதுக்கு ஒரு மிஷின் வெச்சிருந்தா நான் கோலி ஆடற கால் ஆடியிருக்கும்.' தமிழாசிரியர் ஐயா, நீங்க கேட்ட தாத்தா இவர்தான். (நீண்ட கைதட்டல்)

அவர் கேட்ட மிஷின் வந்ததா? வந்தது. திருவாரூருக்கு வாங்க.

ஆழித்தேர். அலங்காரம் எல்லாம் முடிஞ்சு நின்னா 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. நான் சொன்ன கணக்கை இதுக்குப் போடுங்க. நூறு அடிக்கு ஓர் அடி சரிவு இருந்தாலே 3 டன் பலத்தோடு கீழே இழுக்கும். அதைக் கட்டையாலே நிறுத்தணும், வெறும் கட்டையாலே! 1948க்குப் பிறகு அந்தத் தேர் ஓடலை. ஊர் இல்லையா? இருந்தது. ஜனம் இல்லையா? இருந்தது. பக்திக்கு என்ன குறைச்சல்? ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேலே தேர் நிலையிலேயே நின்னுது. கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது 1970ல்தான் திரும்ப ஓடுச்சு. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. கொதிகலன் செய்கிற தொழிற்சாலை தேருக்குச் சக்கரம் செய்தது! பின்னாலே புல்டோசர் தள்ளுச்சு, முன்னாலே ஆயிரக்கணக்கான ஜனங்க வடம் பிடிச்சாங்க.

ஹைட்ராலிக் பிரேக்னா ஒண்ணும் பிரமாதமில்லை. உங்க வீட்டு மாருதி காரிலே இருக்கிறதுதான். மிதியை லேசா அழுத்தினா, அந்த அழுத்தம் குழாயிலே இருக்கிற எண்ணெய் வழியா ஓடிப் போய்ச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். ஒரு மனுஷன் பலத்தைப் பத்து மடங்கு, நூறு மடங்கு ஆக்கிக் கொடுக்கும் அந்த எண்ணெய். அப்போ ஆள் சக்கரத்துக்குக் கிட்டே போக வேண்டாம், தள்ளி நின்னே தேரை அடக்கலாம். வீதி முனையிலே திருப்பும்போது சக்கரத்துக்கு அடியிலே இரும்புத் தகடு போட்டு மசகு தடவுவாங்க. இன்னும் ஆள் வேலை இருக்கு, இல்லாமல் போகலை. முட்டுக்கட்டையும் இருக்கு. ஆனால் முட்டுக்கட்டை மட்டும்தான்கிற நிலைமை போச்சு.

எதிரணியிலே பூரியைச் சொன்னாங்க. ஜகந்நாதருக்கு 16 சக்கரத் தேர், பலபத்திரருக்கு 14, சுபத்திரைக்கு 12. வருஷா வருஷம் புதுசாச் செய்து, மோட்டாரே இல்லாமல் ஜனங்களே இழுக்கிறாங்க. உண்மைதான், கும்பிட வேண்டிய காட்சி. ஆனால் இங்கிலீஷிலே 'ஜக்கர்நாட்'னு ஒரு வார்த்தை இருக்கே, அது எங்கே இருந்து போச்சு? ஜகந்நாதர் பேரிலே இருந்துதான் போச்சு. குறுக்கே வந்ததை எல்லாம் நசுக்கிட்டுப் போகிற, நிறுத்த முடியாத சக்தின்னு அர்த்தம். வெள்ளைக்காரன் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் எழுதினான், ஒத்துக்கறேன். ஆனால் தேரைப் பார்த்து அவனுக்கு முதல்லே தோணினது என்ன பாருங்க: 'இதை நிறுத்த முடியாது!'

அடுத்தது நெல்லையப்பர். 'முழுக்க முழுக்க மனுஷக் கையாலே இழுக்கிற தேர்'னு பெருமையாச் சொன்னாங்க. சொல்ல வேண்டிய பெருமைதான். ஆனால் 2024 ஜூன் 21ந் தேதி அந்தத் தேரோட வடம் அடுத்தடுத்து அறுந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பின்னாலே ஒரு தள்ளு கிடைச்சிருந்தா, முன்னாலே வடத்துக்கு அவ்வளவு பாரம் ஏறியிருக்குமா? இது என் கணக்கு. வண்டியிலே அளவுக்கு மேலே ஏற்றினா அச்சு முறியும்னு வள்ளுவரே மயிலிறகை வெச்சுச் சொல்லலையா? வடத்துக்கும் அதே நியாயம்தானே! தருமபுரி மாவட்டத்திலே பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்திலே 2022 ஜூன் மாசம் அச்சு முறிஞ்சு தேர் சாய்ஞ்சு, இரண்டு பேர் செத்துப் போனாங்க. அச்சைப் பரிசோதிச்சுப் பார்க்க ஓர் இன்ஜினீயரை முன்கூட்டியே கூப்பிடறதிலே என்ன குறைஞ்சு போகும்? ஒரகடத்திலே தடுக்கி விழுந்தா இன்ஜினீயர் மேலேதான் விழணும்! (சிரிப்பு)

இப்போ அந்தப் பழமொழிக்கு வர்றேன். ஊர் கூடி. சரி, எந்த ஊர்? ஊர் முழுக்கவா, ஊரிலே பாதியா? வடத்தை யார் தொடலாம், யாருக்கு முதல் மரியாதைன்னு வழக்கு நடந்து, தேரே ஓடாமல் நின்ன ஊர்கள் நம்ம மாநிலத்திலே உண்டு. சிவகங்கை மாவட்டம் கண்டதேவித் தேர் பல வருஷம் நின்னு, 2024 ஜூனிலே போலீஸ் பாதுகாப்போடு ஓடுச்சு. 'மோட்டார் வந்தா ஊர் ஒற்றுமை போயிடும்'னு சொல்றவங்களை நான் மரியாதையோடு கேட்கறேன்: அங்கே ஒற்றுமையைக் கெடுத்தது மோட்டாரா?

ஆனால் இங்கே ஓர் ஆபத்து இருக்கு, அதையும் நானே சொல்லிடறேன், நடுவர் ஐயா குறிச்சுக்கலாம். 'வடத்தை இவங்க தொட வேண்டாம், ஆள் போதலைன்னா புல்டோசரை வெச்சுத் தள்ளிக்கலாம்'னு எந்த ஊராவது நினைச்சா, அந்த மோட்டார் எனக்கு வேண்டாம். நான் என் அணியை விட்டே இறங்கிடுவேன். நாம நிற்கிறது எந்த மண்ணிலே? இராமாநுசர் பிறந்த மண்ணிலே. குருவிடம் கேட்ட இரகசிய மந்திரத்தைத் திருக்கோட்டியூரிலே கோபுரத்து மேலே ஏறி எல்லாருக்கும் சொன்னவர்னு சொல்றோம். 2017ல் அவருக்கு ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினோம். அவர் ஊரிலே நின்னு சொல்றேன்: வடம் எல்லாருக்கும். அதிலே மோட்டார் கை வைக்கக் கூடாது. பிரேக், சக்கரம், பின்னாலே இருந்து தள்ளறது, இந்த மூணையும் எங்களுக்குக் கொடுங்க. (பலத்த கைதட்டல்)

கை ரிக்‌ஷாவை 1973ல் தமிழ்நாட்டிலே ஒழிச்சாங்களே, அப்போ இதே பேச்சுதான். 'இழுக்கிறவன் பிழைப்பு போயிடுமே'ன்னு கேட்டாங்க. சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தாங்க, பிறகு ஆட்டோ வந்தது. மனுஷனை மனுஷன் இழுக்கிறது போச்சேன்னு இன்றைக்கு யாராவது அழறாங்களா? அது வேறே, தேர் வேறேன்னு ஐயா தலையாட்டறார். வேறேதான். சாமியை இழுக்கிறது புண்ணியம். அந்தப் புண்ணியத்துக்குக் கூலியா மூணு கால்விரல் கேட்கறதுதான் வேண்டாங்கறேன்.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டார். ஒரே நிமிஷம், ஐயா. எதிரணியிலே கடைசியாப் பேசின பெரியவர் ஒரு கேள்வி கேட்டார், அதுக்கு மட்டும் பதில் சொல்லிடறேன். 2022 ஏப்ரல் 27 விடியற்காலை, தஞ்சாவூர் பக்கத்திலே களிமேடு. அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியிலே உரசி 11 பேர் இறந்தாங்க. 'அங்கே உங்க மோட்டார் இருந்திருந்தா காப்பாத்தியிருக்குமா?'ன்னு கேட்டார். காப்பாத்தியிருக்காதுங்க. மேலே பார்க்கிற கண்ணும், மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிற வாயும்தான் அங்கே வேணும். அது மோட்டார்லே கிடையாது. புல்டோசர் ஓட்டுகிறவருக்கும் அதே கதைதான். தேருக்குப் பின்னாலே உட்கார்ந்திருக்கார், முன்னாலே ஒண்ணும் தெரியாது. வடம் பிடிக்கிற கூட்டத்திலே ஒரு குழந்தை தவறி விழுந்தா அவருக்கு யார் சொல்றது? பக்கவாட்டிலே கொடி பிடிச்சுக்கிட்டு ஓர் ஆள் நிற்கணும். மேளம், வேட்டு, கோவிந்தா கோஷம், இதிலே கத்தினாலும் காது கேட்காது, கொடியும் கூட்டத்திலே மறைஞ்சிடும். எங்க ஸ்டோர்ஸிலே பேட்டரி வண்டி திரும்புகிற இடத்திலே எல்லாம் கழுத்திலே விசில் மாட்டின ஆள் ஒருத்தர் நிற்பார். ஊதினா வண்டி நின்னே ஆகணும், மேனேஜரே ஓட்டினாலும்! அடுத்த சித்திரைக்கு நம்ம தேரடியிலே நாலு பேருக்கு அந்த விசில் வேணும். நல்ல சத்தம் வருகிற விசில் கடையிலே என்ன விலைன்னு விசாரிச்சுட்டேன், வாங்கிக் கொடுக்கிற செலவு என்னோடது.

(கைதட்டல்)